பழைய ராணுவ லாரியில் டீசல் ஃபில்டர் மாற்றி அமைப்பது: எம்35ஏ2 பற்றி என்னிடம் கேட்ட கேள்விகள்

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து, டெக்சாஸில் வீட்டுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன். ராணுவக் கணக்கில் அதன் பெயர் அதுதான். வீட்டில் வேறு பெயர் சொல்வார்கள், அதை இங்கே எழுத முடியாது. போன வருடம் இதன் டீசல் ஃபில்டர் அமைப்பை மாற்றினேன். முதல் தடவை தப்பாக, இரண்டாம் தடவை சரியாக. இதே வண்டி வைத்திருப்பவர்களும், ஊரில் லாரித் தொழிலில் இருக்கும் சொந்தக்காரர்களும் அதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இது என்ன மாதிரி வண்டி? நம் ஊர் லாரி மாதிரியா?

ஆறு சக்கரமும் இழுக்கும் இரண்டரை டன் ராணுவ லாரி. இங்கே "டியூஸ் அண்ட் எ ஹாஃப்" என்பார்கள். இரண்டரை டன் என்பது காட்டுவழிக் கணக்கு, தார் ரோட்டில் அதைப்போல் இரண்டு மடங்கு ஏற்றலாம். எம்35 வரிசை 1950களின் தொடக்கத்தில் வந்தது. ஏ2 என்பது அதற்குப் பிந்தைய வடிவம், வியட்நாம் போர்க்காலத்துப் படங்களில் எங்கும் தென்படும்.

எஞ்சின் கான்டினென்டல் வடிவமைத்த 465 வரிசை: வரிசையாக ஆறு சிலிண்டர், 478 கன அங்குலம், அதாவது சுமார் 7.8 லிட்டர். டர்போ வைத்ததற்கு எல்டிடி-465 என்று பெயர். இதன் விசேஷம், டீசல் மட்டுமல்லாமல் விமான மண்ணெண்ணெய், அவசரத்துக்குப் பெட்ரோல் என்று பலவற்றிலும் ஓடும். அதனால்தான் மல்டிஃபியூல் எஞ்சின் என்கிறார்கள். பிஸ்டன் தலையில் உருண்டையாகக் குழி வைத்து, அதன் சுவரில் எண்ணெயைப் படரவிட்டு எரிக்கும் முறை. ஜெர்மனியின் மான் நிறுவனத்து உத்தி அது. ஜபல்பூரில் நம் ராணுவத்துக்காகச் செய்த சக்திமான் லாரியும் மான் உரிமத்தில் வந்ததுதான். ஆகவே தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே மூன்று ஃபில்டர் இருக்கிறதாமே. அப்புறம் எதற்கு மாற்ற வேண்டும்?

நியாயமான கேள்வி. டேங்குக்குள் 24 வோல்ட்டில் ஓடும் ஒரு சிறிய மின் பம்ப் இருக்கிறது. அது தள்ளும் டீசல் முதல் ஃபில்டருக்கு வரும். அங்கிருந்து இன்ஜெக்‌ஷன் பம்புடன் சேர்ந்திருக்கும் ஃபீட் பம்ப் அதை இழுத்து, இரண்டாவது, மூன்றாவது ஃபில்டர்கள் வழியாகத் தள்ளி, சிலிண்டர்களுக்கு டீசலைப் பீய்ச்சும் அந்த இன்ஜெக்‌ஷன் பம்பின் தலைக்கு அனுப்பும். ராணுவம் இதை யோசித்துத்தான் செய்திருக்கிறது, குறை சொல்ல முடியாது.

தொல்லை என்னவென்றால், மூன்றுமே குவளை வகை. இரும்புக் குவளைக்குள் காகித எலிமென்ட் (வடிகட்டும் பகுதி), நடுவில் ஒரு நீளமான போல்ட், மேலே ஒரு கேஸ்கட். மாற்றும்போது கை முழங்கை வரை டீசல். கேஸ்கட் பள்ளத்தில் பழைய ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டாமல் புதியதை வைத்தால் கசியும். சுரண்டும்போது விழும் துணுக்கு எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? நேராகப் பம்புக்குத்தான். குவளை இரும்பு என்பதால் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கவும் வழியில்லை. ராணுவத்தில் தினமும் காலையில் ஒரு சிப்பாய் வடிகுழாயைத் திறந்து கொஞ்சம் டீசலை வடித்துவிடுவார். என் வீட்டில் அந்தச் சிப்பாய் நான்தான், மாதத்துக்கு இரண்டு முறை வண்டி எடுக்கும் சிப்பாய்.

இன்னொரு காரணம் பம்ப். இதில் இருப்பது அமெரிக்கன் பாஷ் செய்த ஒற்றை பிளஞ்சர் பம்ப். ஆறு சிலிண்டருக்கும் ஒரே பிளஞ்சர், அதாவது டீசலை அழுத்தித் தள்ளும் ஒரே தண்டு. அது சுழன்றுகொண்டே மேலும் கீழும் போய் ஒவ்வொன்றுக்கும் பங்கு வைக்கும். அந்தத் தலைப்பகுதிக்கு ஹைட்ராலிக் ஹெட் என்று பெயர். பிளஞ்சருக்கும் அதன் துளைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). மனிதத் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்தால் கணக்கு புரியும். அங்கே உராய்வைத் தடுப்பதும் அதே டீசல்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் அந்த இடத்தில் எண்ணெய்ப் படலம் இல்லை, இரும்போடு இரும்பு. ஹெட் போனால் ஆறு சிலிண்டரும் போச்சு.

அப்படியென்றால் இருப்பதிலேயே நுண்ணிய ஃபில்டராக, 2 மைக்ரான் போட்டுவிட வேண்டியதுதானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் போட்டும்விட்டேன்.

முதல் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கண்ணாடி மாதிரி அடிக்குவளை உள்ள தண்ணீர் பிரிப்பான் ஒன்றை வைத்து, அதற்குள் 2 மைக்ரான் எலிமென்ட் போட்டேன். ஊருக்குள் ஓட்டும்போது அருமையாக இருந்தது. ஆஸ்டினுக்கு மேற்கே மேட்டுப்பாங்கான ரோட்டில் ஏறும்போது வண்டி மெல்ல மெல்ல மூச்சை விட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் வேகம் இல்லை, பிறகு நின்றே விட்டது. ஓரம் கட்டிப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது. இன்னொரு மேடு, மறுபடி அதே கதை. ஒரு பட்டறையில் காட்டினேன். கேட்ட மாத்திரத்தில் "பம்ப் போச்சு, கழற்றிவிடலாம்" என்றார்கள். நல்ல வேளை, அன்றைக்குக் கையில் அவ்வளவு பணம் இல்லை.

நடந்தது இதுதான். டேங்குக்குள் இருக்கும் மின் பம்ப் எப்போதோ செத்துப்போயிருக்கிறது. அது எனக்குத் தெரியாது, ஏனென்றால் அது இல்லாமலும் இந்த எஞ்சின் ஓடும், ஃபீட் பம்ப் தானே இழுத்துக்கொள்ளும். ஆனால் இழுப்பதற்கு ஒரு எல்லை உண்டு. தள்ளும் பம்பால் தடையை எதிர்த்து அழுத்தத்தைக் கூட்ட முடியும். இழுக்கும் பம்புக்கு வெளிக்காற்றின் அழுத்தம் மட்டும்தான் துணை, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. 2 மைக்ரான் எலிமென்ட் டேங்க் அழுக்கில் பாதி அடைத்ததும், மேட்டில் எஞ்சின் கேட்ட அளவு டீசல் வரவில்லை. நின்ற பிறகு உறிஞ்சல் தளர்ந்து டீசல் மெல்ல நிரம்பியது, அதனால் பத்து நிமிடத்தில் உயிர் வந்தது. எலிமென்ட்டை வெளியே எடுத்துப் பார்த்தால் தார் பூசின மாதிரி கறுப்பு.

ஃபில்டர் எவ்வளவு நுண்ணியது என்பதைவிட அது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். ஃபீட் பம்புக்கு முன்னால் முரடாக, அதற்குப் பின்னால் நுண்ணியதாக. நம் ஊர் லாரிகளில் மைக்கோ கம்பெனி டீசல் பம்புக்குப் பக்கத்தில் இரட்டைக் குவளை இருக்குமே, முதலில் துணி, அடுத்து காகிதம் என்று, அதிலும் இதே புத்திதான்: பெரிய அழுக்கை முதலில் பிடி, சின்னதைப் பிறகு பிடி. எனக்கு அது சின்ன வயதிலிருந்தே தெரியும், இருந்தும் அமெரிக்கா வந்து மறந்துவிட்டேன்.

சரி, எந்த இடத்தில் எத்தனை மைக்ரான்?

நான் இப்போது வைத்திருப்பது: பம்புக்கு முன்னால் 30 மைக்ரான் எலிமென்ட் உள்ள தண்ணீர் பிரிப்பான். பம்புக்குப் பின்னால் இரட்டைத் தலையில் (இரண்டு ஃபில்டர் பூட்டும் வார்ப்பு) இரண்டு ஸ்பின்-ஆன் ஃபில்டர், அதாவது டப்பாவோடு திருகிப் பூட்டும் வகை, முதலாவது 10 மைக்ரான் அளவில், கடைசி அதைவிட நுண்ணியது. டேங்க் சுத்தமாகி, மின் பம்பும் நன்றாக ஓடினால் முன்னால் 10 மைக்ரான் வைக்கலாம். 2 மைக்ரானை முன்னால் வைக்காதீர்கள்.

தண்ணீர் பிரிப்பான் பம்புக்கு முன்னால் இருப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. டேங்கிலிருந்து வரும்போது தண்ணீர் பெரிய பெரிய துளிகளாக வரும். பெரிய துளி கனம், கீழே இறங்கிவிடும். பம்பின் பல்சக்கரத்துக்குள் ஒரு சுற்று போய்வந்துவிட்டால் அது கடைந்த மோர் மாதிரி டீசலோடு கலந்துவிடும். அதன் பிறகு பிரிப்பது கஷ்டம்.

டப்பாவில் "10 மைக்ரான்" என்று போட்டிருந்தால் 10 மைக்ரானுக்கு மேல் எதுவும் போகாதா?

போகும். "நாமினல்" என்று போட்டிருந்தால் அந்த எண்ணை ரொம்ப நம்ப வேண்டாம். அந்த அளவுத் துகளில் பாதியைப் பிடித்தாலே அந்தப் பெயரை வைத்துக்கொள்கிறார்கள். பீட்டா எண் கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள். கணக்கு எளிது: உள்ளே போன துகள்களின் எண்ணிக்கையை, வெளியே வந்தவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால் பீட்டா. 10 மைக்ரானில் பீட்டா 2 என்றால் இரண்டில் ஒன்று தப்பிக்கிறது, 50 சதவீதம். பீட்டா 75 என்றால் 98.7 சதவீதம் பிடிபடுகிறது. பீட்டா 200 என்றால் 99.5. ஆக, பீட்டா 2 வைத்த "5 மைக்ரான்" ஃபில்டரைவிட பீட்டா 200 வைத்த "10 மைக்ரான்" ஃபில்டர் பல நேரம் நல்லது. கடைக்காரரிடம் பீட்டா என்று கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை, தயாரிப்பாளரின் தகவல் தாளில் இருக்கும்.

எவ்வளவு பெரிய பிரிப்பான் தேவை?

இந்த வண்டி ஒரு கேலனுக்குப் பத்து மைல் கொடுத்தால் சந்தோஷப்படலாம். மணிக்கு 50 மைல் வேகம் என்றால் ஐந்து கேலன், அதாவது மணிக்கு ஏறக்குறைய 19 லிட்டர் எரிகிறது. டேங்குக்குத் திரும்பிப் போகும் டீசலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படகுகளிலும் டிரக்குகளிலும் பரவலாக இருக்கும் ரேக்கர் 500 வகைப் பிரிப்பான் மணிக்கு 60 கேலன், 227 லிட்டர் தாங்கும். தாராளம். அதில் எலிமென்ட்டை நிறத்தை வைத்தே கண்டுகொள்ளலாம்: பழுப்பு 2, நீலம் 10, சிவப்பு 30 மைக்ரான்.

ஒரு எச்சரிக்கை. அந்த வகைப் பிரிப்பான் 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) அழுத்தத்துக்கு மேல் தாங்காது. முன்பக்கத்துக்கு அது போதும். ஃபீட் பம்புக்குப் பின்னால் அதைக் கொண்டுபோய் வைத்தால் குவளை விரியலாம், சூடான எஞ்சின் மேல் டீசல் பீய்ச்சும். பின்பக்கத்துக்கு அழுத்தம் தாங்கும் உலோக ஸ்பின்-ஆன் மட்டும்தான்.

பழைய குவளைத் தலையிலேயே ஸ்பின்-ஆன் அடாப்டர் பூட்டினால் போதாதா?

போதும், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். குழாய் எதையும் தொட வேண்டாம் என்பது அதன் வசதி. தலை வார்ப்பில் கேஸ்கட் உட்காரும் இடம் அரித்துப்போயிருக்கிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பாருங்கள். என்னுடையதில் ஒரு குழி இருந்தது, அதனால் முழுத் தலையையும் மாற்றினேன். ஸ்பின்-ஆன் தொங்குவதற்குக் கீழே இடம் இருக்கிறதா, கழற்றும்போது கை நுழையுமா என்பதையும் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். எஞ்சினிலேயே பூட்டுவதென்றால் தாங்கு தகடு கனமாக இருக்கட்டும். இந்த எஞ்சின் ஆட்டுகிற ஆட்டத்தில் மெல்லிய தகடு சில மாதத்தில் போல்ட் ஓட்டையைச் சுற்றிக் கீறல் விடும்.

வண்டியில் குளிருக்கான ஃப்ளேம் ஹீட்டர் (எஞ்சினுக்குள் போகும் காற்றைச் சூடாக்குவது) இன்னும் கழற்றாமல் இருந்தால், அதற்குப் போகும் மெல்லிய டீசல் குழாய் எங்கிருந்து பிரிகிறது என்று முதலிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தலையில் அதற்கு வாய் இருக்காது.

ஓஸ், பிட்டிங் எது வாங்குவது?

வேலையில் முக்கால்வாசி இதுதான். ஃபில்டர் வாங்குவது ஒரு மணி நேர வேலை, பிட்டிங் தேடுவது ஒரு வாரம்.

முதலில் பழைய ஓஸ். இந்த வண்டிகளின் ரப்பர் போன நூற்றாண்டைச் சேர்ந்தது. 2006 முதல் அமெரிக்காவில் ரோட்டு வண்டிகளுக்கு விற்கும் டீசலில் கந்தகம் மிகக் குறைவு, பல இடங்களில் தாவர எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலும் கலந்து வருகிறது. இந்த மாற்றம் பழைய ரப்பருக்கு ஒத்துக்கொள்வதில்லை. சில இடத்தில் ஊதும், சில இடத்தில் சுருங்கும், உட்பக்கம் உரிந்து சிறு சிறு கறுப்புத் துணுக்காக ஃபில்டரில் போய் உட்காரும். வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும். ஆகவே ஃபில்டர் மாற்றும்போது ஓஸை விட்டுவைப்பது, வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு ஒழுகும் ஓட்டை அப்படியே விடுவது மாதிரி. பயோடீசல் தாங்கும் ஓஸாகக் கேட்டு வாங்குங்கள். ஓரிங்குகளுக்கு விட்டான் ரப்பர் நல்லது.

அடுத்து பிட்டிங். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் இரண்டு வகை உண்டு: 37 டிகிரி சரிவு வைத்த ஜேஐசி, 45 டிகிரி சரிவு வைத்த எஸ்ஏஇ. சில அளவுகளில் மரையும் ஒன்றே, ஒன்றில் ஒன்று நன்றாக ஏறும். ஆனால் சரிவு வேறு என்பதால் ஒரு கோட்டில் மட்டும்தான் தொடும். எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. மேலும் முறுக்கினால் பித்தளை வெடிக்கும். பிட்டிங்கைக் கையில் எடுத்து, எதிர்ப்புறத்தோடு வைத்துப் பாருங்கள்.

செம்புக் குழாயும் துத்தநாகம் பூசிய பிட்டிங்கும் டீசலுக்கு வேண்டாம். செம்பு டீசலைச் சீக்கிரம் கெட்டுப்போக வைக்கும், துத்தநாகம் அதோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு வழவழப்பை உண்டாக்கும். தண்ணீர்க் குழாய்க் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஜிஐ எல்போ வாங்கிப் பூட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரும்பு, ஸ்டெயின்லெஸ், அலுமினியம் எதுவும் சரி.

ஓஸின் உள்விட்டம் பழைய குழாய்க்குக் குறையக் கூடாது. தொண்ணூறு டிகிரி எல்போவை எவ்வளவு தவிர்க்கிறீர்களோ அவ்வளவு நல்லது, பம்புக்கு முன்பக்கத்தில் மிகவும்.

டெஃப்ளான் டேப் சுற்றலாமா?

வேண்டாம். கிழிந்த நூல் பம்புக்குப் போகும். டீசல் தாங்கும் திரவ சீலன்ட் தடவுங்கள், அதுவும் கூம்பு மரைக்கு மட்டும். ஜேஐசி மாதிரி சரிவு பிட்டிங்குக்கு எதுவும் தடவக் கூடாது.

எல்லாம் பூட்டியாச்சு. குழாயில் சிக்கிய காற்றை, அதாவது ஏரை, எடுப்பது எப்படி?

நம் ஊர் வண்டியில் மைக்கோ பம்ப் ஓரத்தில், கையால் டீசலை ஏற்றும் கைப்பிரைமர் இருக்கும், நாலு தடவை தட்டினால் வேலை முடிந்தது. என் வண்டியில் அது இல்லை. டேங்குக்குள் இருக்கும் மின் பம்புதான் பிரைமர். அதனால் அதை முதலில் சரிசெய்யுங்கள். ஆக்ஸசரி சுவிட்சைப் போட்டுவிட்டு டேங்க் மூடியைத் திறந்து காது வைத்தால் முனகல் சத்தம் கேட்க வேண்டும்.

அது ஓடினால் வரிசையாகப் போங்கள். முதலில் பிரிப்பான் மேல் இருக்கும் திருகைத் தளர்த்துங்கள். நுரை வரும், அப்புறம் குமிழ் குமிழாக வரும், பிறகு கண்ணாடி மாதிரி டீசல் மட்டும் வரும். அப்போது இறுக்குங்கள். அடுத்து இரட்டைத் தலையில் முதல் ஃபில்டர், பிறகு கடைசி ஃபில்டர். பின்னால் இருப்பவற்றுக்கு டீசல் வர நேரமாகும், அவசரப்பட்டு ஸ்டார்ட்டரை ஓட்டிப் பேட்டரியைக் காலி செய்யாதீர்கள். கீழே ஒரு தட்டு வையுங்கள். ஆக்ஸசரி சுவிட்சைப் போட்டபடியே வீட்டுக்குள் போய் காபி குடிக்காதீர்கள், அதையும் நான் செய்திருக்கிறேன்.

புது ஸ்பின்-ஆனில் டீசலை ஊற்றிவிட்டுப் பூட்டலாமா என்று சண்டையே நடக்கும். என் கட்சி இது: ஊற்றுவதென்றால் சுற்றி இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக மட்டும் ஊற்றுங்கள். நடு ஓட்டை வடிகட்டிய பக்கம், அதில் ஊற்றும் டீசல் எந்த ஃபில்டரும் பார்க்காமல் நேராக ஹெட்டுக்குப் போகும். கடைசி ஃபில்டரை நான் காலியாகவே பூட்டுகிறேன். ஐந்து நிமிடம் கூட ஆகும், அவ்வளவுதான்.

ஸ்டார்ட் ஆகி அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. என்ன தப்பு?

எங்கேயோ காற்று உறிஞ்சுகிறது. ஃபீட் பம்புக்கு முன்னால் தளர்ந்திருக்கும் அதே இணைப்பு, மின் பம்ப் ஓடும்போது டீசலைச் சொட்டும், ஓடாதபோது காற்றை உள்ளே இழுக்கும். காற்றை இழுக்கும் கசிவு வெளியே ஈரமாகத் தெரியாது. அதனால்தான் "எங்கேயும் கசியவில்லையே" என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்போம்.

கண்டுபிடிக்கும் வழி: பம்புக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு டீசல் தாங்கும், உள்ளே தெரியும் கண்ணாடி மாதிரி ஓஸைத் தற்காலிகமாகப் பூட்டுங்கள். எஞ்சினை ஓடவிட்டால் குமிழ் போவது தெரியும். பிறகு அதை டேங்க் பக்கமாக ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் குமிழ் நிற்கிறதோ, குற்றவாளி அது. மின் பம்பை ஓடவிட்டு, எல்லா இணைப்பையும் துடைத்துவிட்டு உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்ப்பது இன்னொரு வழி. என்னுடையதில் குற்றவாளி பிட்டிங் அல்ல, பிரிப்பானின் வடிகுழாய். முழுக்க மூடவில்லை. சோதனை முடிந்ததும் கண்ணாடி ஓஸைக் கழற்றிவிடுங்கள், எஞ்சின் சூட்டில் அது நீண்ட நாள் தாங்காது.

கேஜ் எதாவது வைக்க வேண்டுமா?

பிரிப்பானுக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் ஒன்று வைத்தால் நல்லது. சாதாரண வாக்குவம் கேஜ் வாங்காதீர்கள். மின் பம்ப் ஓடும்போது அங்கே அழுத்தம், ஓடாதபோது உறிஞ்சல். இரண்டையும் காட்டும் கூட்டுக் கேஜ் வேண்டும். புது எலிமென்ட் போட்டு, மேட்டில் முழு மிதியில் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு கோடு போட்டு வையுங்கள். முள் அந்தக் கோட்டிலிருந்து நகர ஆரம்பித்தால் எலிமென்ட் அடைக்கிறது என்று அர்த்தம். உறிஞ்சல் பக்கமே சாய்ந்து கிடந்தால் டேங்க் பம்ப் செத்துவிட்டது. இந்தக் கேஜ் முதலிலேயே இருந்திருந்தால் எனக்கு ஆஸ்டின் மேட்டில் அந்தத் தரிசனம் கிடைத்திருக்காது.

டேங்கைக் கழுவாமல் ஃபில்டர் மட்டும் மாற்றினால்?

புது ஃபில்டரைக் கழுவும் துணியாகப் பயன்படுத்துகிறீர்கள். ஐம்பது கேலன் டேங்க், பல வருடம் பாதி நிரம்பி நின்றிருக்கிறது. மேல்பாதிச் சுவரில் காற்றின் ஈரம் குளிர்ந்து வழிந்து அடியில் தண்ணீராகச் சேரும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் அந்தக் கோட்டில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். இங்கே எல்லோரும் "டீசல் பாசி" என்பார்கள், உண்மையில் அது பாசி இல்லை, வெளிச்சம் இல்லாத டேங்கில் பாசி எப்படி வளரும்? தொட்டால் வழவழவென்று, ஊறின தேயிலைத்தூள் மாதிரி இருக்கும்.

அடித் திருகைத் திறந்து முழுக்க வடியுங்கள், கையை விட்டுத் துடையுங்கள், பம்பின் அடிச் சல்லடையைக் கழுவுங்கள். கிருமிநாசினி ஊற்றினால் மட்டும் போதாது. செத்த பூஞ்சை உதிர்ந்து ஃபில்டருக்குத்தான் வரும். வேலை முடிந்த பிறகு முதல் இரண்டு டேங்க் டீசலுக்கு ஒரு உதிரி எலிமென்ட் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும்.

மல்டிஃபியூல் எஞ்சின்தானே, பழைய எஞ்சின் ஆயிலை வடிகட்டி ஊற்றலாமா?

ஊற்றுபவர்கள் நிறைய. எஞ்சின் எரித்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பழைய ஆயிலில் இருக்கும் கரி மிக நுண்ணியது, ஃபில்டரில் நிற்பதைவிடத் தப்பிப்பதுதான் அதிகம். நின்றாலோ எலிமென்ட் சீக்கிரம் அடைக்கும். உலோகத் துகளும், ரேடியேட்டர் தண்ணீரும் கலந்திருக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் ஆயிலுக்காக, கிடைப்பதற்கே அரிதான ஹைட்ராலிக் ஹெட்டைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ராணுவம் "பல எரிபொருள்" என்று சொன்னது போர்க்களத்தில் கிடைத்ததை ஊற்றி அன்றைக்கு வண்டியை நகர்த்துவதற்கு. அவர்களிடம் உதிரி பம்ப் நிறைந்த கிடங்கு இருந்தது.

குளிர்காலத்தில்?

டெக்சாஸில் எப்போதாவது வரும். வடக்கே இருப்பவர்களுக்கு: டீசலில் இருக்கும் மெழுகு குளிரில் படிகமாகும், முதலில் அடைவது மிக நுண்ணிய ஃபில்டர். குளிர்கால டீசல் நிரப்புங்கள். பிரிப்பான் குவளையில் தண்ணீர் நின்று உறைந்தால் குவளை விரிசல் விடும், ஆகவே வடித்து வையுங்கள். ஹீட்டர் வைத்த பிரிப்பான் வாங்கினால் 24 வோல்ட்டுக்கு ஆனதா என்று பாருங்கள். கடையில் சும்மா கேட்டால் 12 வோல்ட் கொடுப்பார்கள். தண்ணீர் எச்சரிக்கை விளக்குக்கும் இதே பேச்சு.

இழுவையோ மைலேஜோ கூடுமா?

கூடாது. பழைய ஃபில்டர் அடைத்துக் கிடந்திருந்தால் இழந்தது திரும்ப வரும், அவ்வளவுதான்.

வேலை முடிந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

எஞ்சின் ஆயில் அளவை. மாற்றுவதற்கு முன் டிப்ஸ்டிக்கைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், நூறு மைல் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். இந்த இன்ஜெக்‌ஷன் பம்ப் எஞ்சின் ஆயிலில் நனைந்துதான் ஓடுகிறது. சீல் தேய்ந்திருந்தால் டீசல் ஆயிலோடு கலக்கும். செத்திருந்த டேங்க் பம்பை மாற்றி டீசல் மறுபடி அழுத்தத்தோடு வர ஆரம்பித்ததும், அதுவரை அடங்கியிருந்த கசிவு வெளிப்படலாம். ஆயில் அளவு ஏறியிருந்தால், மூக்கில் டீசல் வாசனை அடித்தால், வண்டியை ஓட்டாதீர்கள். எஞ்சினுக்கு ஆயில் ஏறுவது குறைவதைவிட மோசம்.

எலிமென்ட் எத்தனை நாளைக்கு ஒருமுறை?

கேஜ் சொல்வதுதான் கணக்கு. கேஜ் இல்லையென்றால் முன்பக்கம் வருடத்துக்கு ஒருமுறை, பின்பக்கம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று நான் வைத்திருக்கிறேன், மாதத்துக்கு இரண்டு நாள் ஓடும் வண்டிக்கு. தேதியை ஃபில்டர் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

கழற்றிய பழைய குவளைகளை என்ன செய்தீர்கள்?

துடைத்து, ஆயில் தடவி, பழைய ரைஸ் பையில் சுற்றி ஷெட்டில் வைத்திருக்கிறேன். அந்த வார்ப்புகளை இப்போது யாரும் செய்வதில்லை. வண்டியை யாராவது ராணுவ வாகனக் காட்சிக்காகப் பழைய நிலையிலேயே கேட்டால் மறுபடி பூட்டிக்கொடுக்கலாம். பை யாருடையது என்று வீட்டில் கேட்டார்கள், இன்னும் பதில் சொல்லவில்லை.